வெளிப்படிக்கட்டு

தருமபுரியில் வாடகைக்கு வீடு தேடி வருபவர்களிடம் தரகர்கள் சொல்லும் ஒரு வாசகம் உண்டு. "நல்ல ஏரியாங்க, எல்லாம் படிச்சவங்க இருக்கிற இடம்" என்பார்கள். நான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பது அப்படிச் சொல்லப்படும் ஒரு பகுதியில்தான். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2001இலும் 2011இலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணி வந்தபோது, இரண்டு முறையும் எங்கள் குடியிருப்பே என் பொறுப்பில் விடப்பட்டது. ஒரு தெருவின் எல்லா வாசல்களிலும் உட்கார்ந்து, தரை எதனால் ஆனது, எத்தனை அறை, எத்தனை பேர், யார் எதுவரை படித்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதியவளுக்கு அந்தத் தரகரின் வாசகம் என்ன பொருளில் சொல்லப்படுகிறது என்பது கொஞ்சம் விளங்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் தந்த விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் கட்டளையிடுகிறது. அந்தப் படிவங்களில் நான் எழுதிய எதுவும் இங்கே வராது. என் சொந்த வீட்டைப் பற்றி எழுதுகிறேன். தெருவில் நடந்து போகிற எவர் கண்ணிலும் படுவதை எழுதுகிறேன். அரசு வெளியிட்ட மொத்தக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. அதுவரை வட்டத் தலைநகராக இருந்த ஊருக்கு ஆட்சியர் அலுவலகமும், அதைத் தொடர்ந்து ஒவ்வொரு துறையின் மாவட்ட அலுவலகமும் வந்தன. அலுவலகம் வந்தால் எழுத்தர் வருவார், பொறியாளர் வருவார், ஆசிரியர் வருவார். அவர்களுக்கு வீடு வேண்டும். எங்கள் பகுதியும் அப்படி உருவானதுதான். கேழ்வரகும் நிலக்கடலையும் விளைந்த மானாவாரி நிலத்தைக் கருங்கல் கம்பம் நட்டு அளந்து, ஐந்தரை சென்ட் ஐந்தரை சென்டாகப் பிரித்து விற்றார்கள். ஐந்தரை சென்ட் என்பது ஏறத்தாழ 2400 சதுர அடி. நாங்கள் 1988இல் வாங்கினோம். என் கணவர் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தார். அரசு ஊழியருக்குத் தரும் வீடு கட்டும் முன்பணத்தை எடுத்துக் கட்டினோம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் போக மீதியில் குடும்பம் நடந்தது. தெருவில் முக்கால்வாசி வீடுகளின் கதை இதுதான். பரம்பரைச் சொத்தில் எழுந்த வீடு ஒன்றுகூட இல்லை என்பதும், எல்லாமே மாதச் சம்பளத்தில் எழுந்தவை என்பதும் எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது. இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பக்கத்துக் கிராமத்து மக்கள் எங்கள் பகுதியை 'வாத்தியார் காலனி' என்று அழைத்தார்கள். காலனி என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தில் இரண்டு பொருள் உண்டு. நகரத்தை ஒட்டி மனை பிரித்துக் கட்டினால் அது காலனி. சொல்லும்போதே ஒரு மதிப்பு ஒட்டிக்கொள்ளும். கிராமத்தில் ஊர் வேறு, காலனி வேறு என்று சொல்லும்போது அது பட்டியல் சாதி மக்களை ஒதுக்கி வைத்த தெரு. அந்த இரண்டாவது பொருளில் அந்தச் சொல் வசையாகவே ஆகிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் தெரு முனையில் இருக்கும் பெயர்ப் பலகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே சொல் ஓரிடத்தில் ஏன் மதிப்பாகவும் இன்னோரிடத்தில் ஏன் இழிவாகவும் ஒலித்தது என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் பாடம் நடத்திய எனக்கு அதற்கு முன் கேட்கத் தோன்றியதில்லை.

வீடுகளைப் பார்ப்போம். 2010 ஜூன், ஜூலையில், ஆட்களை எண்ணுவதற்கு முந்தைய சுற்றாக வீட்டுப் பட்டியல் எடுத்தபோது, ஒவ்வொரு கணக்கெடுப்பாளரும் தம் பகுதிக்கு ஒரு வரைபடம் வரைய வேண்டும். உறுதியான கட்டடத்துக்குச் சதுரம், மண்ணாலும் ஓலையாலும் ஆன வீட்டுக்கு முக்கோணம். என் வரைபடம் முழுக்கச் சதுரங்களாகவே நிறைந்தது. தெருக்கோடியில் துணி தேய்ப்பவரின் குடிசைக்கு மட்டும் ஒரு முக்கோணம் போட்டேன். மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் பணி செய்த என் சக ஆசிரியைகளின் தாள்களில் முக்கோணங்கள் வரிசை வரிசையாக இருந்தன.

எங்கள் தெருவின் வயதைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். எண்பதுகளில் கட்டியவை சிவப்பு ஆக்சைடு பூசிய சிமெண்டுத் தரை, தொண்ணூறுகளில் மொசைக், அதற்குப் பின் டைல்ஸ், கடைசியாக, கிரானைட் விளையும் மாவட்டமாதலால், வாசற்படிக்கும் சமையல் மேடைக்கும் பளபளக்கும் கருங்கல் பலகை. பழைய வீடுகளில் முன்னறையையும் படுக்கையறையையும் சிவப்புத் தரையாகவே விட்டுவிட்டுச் சமையலறையை மட்டும் மாற்றியிருப்பார்கள். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணம் எதுவரை வந்தது என்பது அந்தத் தரையின் எல்லைக்கோட்டில் தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் குடும்பங்களில் 48.3 விழுக்காட்டினருக்கே வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது. எங்கள் தெருவிலோ வீட்டுக்கு இரண்டு என்பது சாதாரணம்.

தண்ணீரில் மட்டும் எங்கள் வசதி செல்லுபடியாகவில்லை. தருமபுரி மண்ணடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. எங்கள் பக்கத்தின் பல ஆழ்துளைக் கிணறுகள் அந்த வரம்பைத் தாண்டியவை. இந்த மாவட்டத்தில் வளர்ந்த ஒரு தலைமுறையின் சிரிப்பில் பழுப்புக் கறை படிந்திருக்கும். என் மாணவிகளில் பலர் வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரிப்பார்கள். பட்டம் பெற்றவர் வீடானாலும் கூலி வேலை செய்பவர் வீடானாலும் நிலத்தடி நீர் ஒன்றுதான். ஜப்பானியக் கடனுதவியுடன் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்ட பிறகே நிலை மாறியது. இன்றும் எங்கள் வீடுகளில் இரண்டு தொட்டிகள் உண்டு: குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர், சமைக்கவும் குடிக்கவும் ஒகேனக்கல் தண்ணீர். புதிதாகக் குடிவருபவருக்கு முதலில் சொல்லித் தருவது எந்தக் குழாய் எதற்கு என்பதைத்தான்.

இனி, இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்த படிக்கட்டுக்கு வருகிறேன். கணக்கெடுப்பில் 'வீடு' என்பதற்கு நாம் நினைக்கும் பொருள் இல்லை. தெருவிலிருந்தோ பொது முற்றத்திலிருந்தோ படிக்கட்டிலிருந்தோ தனி வாசல் உடைய பகுதி எதுவோ அது ஒரு வீடு. 'குடும்பம்' என்பது ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள். ஒரே கட்டடத்தின் மாடிக்கு ஹாலுக்குள்ளிருந்து படி ஏறினால் அது ஒரு வீடு; வெளியே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, போர்டிகோவுக்குப் பக்கத்தில் படி ஏறினால் அது இரண்டு வீடு. எங்கள் தெருவில் இரண்டாயிரத்துக்குப் பிறகு கட்டிய மாடி ஒவ்வொன்றுக்கும் வெளியேதான் படி. கட்டும்போது எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றே: "பையன் கல்யாணம் ஆனா மேல இருக்கட்டும், நாங்க கீழ இருக்கிறோம், அவங்களுக்கும் ஒரு தனிமை வேணுமில்ல." அப்படிச் சொல்லி 2006இல் நாங்களும் கட்டினோம். மேலே ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, தனிச் சமையலறை.

2001இல் எங்கள் வீட்டில் ஐந்து பேர்: நான், என் கணவர், என் மாமியார், மகன், மகள். ஒருவர் படுத்துறங்கும் அளவுக்கு இடமுள்ள அறைகளையே அறையாக எண்ண வேண்டும், சமையலறையும் குளியலறையும் சேராது. அந்தக் கணக்கில் மூன்று அறை. 2010இல் நிலைப்படிக்கு மேல் என் கையாலேயே எண் எழுதினேன்; கீழ் வீட்டுக்குக் கட்டட எண்ணோடு அடைப்புக்குறிக்குள் 1, மேல் வீட்டுக்கு 2. மேல் வீட்டின் பயன்பாடு என்னும் கட்டத்தில் 'காலி' என்று எழுத வேண்டியிருந்தது. மகன் பெங்களூருவில் மென்பொருள் வேலையில் சேர்ந்திருந்தான், மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வாசல் வாசலாகப் போய் எத்தனையோ வீடுகளைக் காலி என்று எழுதிய அதே பேனாதான். என் வீட்டுக்கு எழுதும்போது மட்டும் கை தயங்கியது.

அடுத்த பிப்ரவரியில் ஆட்களை எண்ணும் சுற்று. 9ஆம் தேதியிலிருந்து 28ஆம் தேதி வரை முழுவதும் வெளியூரில் இருப்பவரை இங்கே எழுதக் கூடாது. அவர் இருக்கும் ஊரில் எழுதிக்கொள்வார்கள். என் வீட்டுப் படிவத்தைக் கூடத்தில் உட்கார்ந்து நிரப்பினேன். எதிரே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மாமியார் பெயர்களைக் காது கொடுத்துக் கேட்டார். மூன்றோடு நிறுத்தியதும், "புள்ளைங்க ரெண்டையும் எழுதலையே" என்றார்.

"அவங்கள அங்க எழுதிக்குவாங்க அத்தை."

"அங்க அவங்களுக்கு வீடு ஏது? இதுதான் வீடு. எழுதும்மா."

எழுதவில்லை. விதி அப்படி. 2015இல் அவர் மறைந்தார். 2019இல் என் கணவர். ஐந்து பேருக்கு மூன்று அறையாக இருந்த வீடு, ஒருத்திக்கு ஆறு அறையாக ஆயிற்று.

என் வீட்டின் இந்தக் கணக்கைச் சிற்சில மாற்றங்களோடு எங்கள் தெருவின் எந்த வீட்டுக்கும் எழுதிவிடலாம். 2011இல் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843. அதில் நகர்ப்புறத்தில் இருந்தோர் நூற்றுக்குப் பதினேழு பேர் அளவே. எழுத்தறிவு மாநிலத்தில் 80.1 விழுக்காடு, எங்கள் மாவட்டத்தில் 68.5. மாநிலத்திலேயே பின்தங்கிய அந்த எண்ணுக்கு நடுவே, ஏறத்தாழ எல்லோரும் பட்டம் பெற்ற ஒரு தெரு என்பது ஒரு தீவுதான். ஏழு வயதுக்கு மேற்பட்டவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர். எங்கள் தெருவுக்கு அந்த அளவுகோல் தேவையே இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளை நாங்கள் படிக்க வைத்த படிப்புக்கு இந்த மாவட்டத்தில் வேலை இல்லை என்பது படிக்க வைக்கும்போதே எங்களுக்குத் தெரியும். கேழ்வரகுக் காட்டிலிருந்து எங்களைக் கொண்டுவந்த அதே படிப்பு அவர்களை ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் கோவைக்கும் கடல் கடந்தும் கொண்டுபோயிற்று. இதில் குற்றம் சொல்ல யாருமில்லை.

பால் விகிதத்திலும் எங்கள் தெரு மாவட்டத்துக்கு நேர் எதிர். 2011இல் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்கள். தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே குறைவு. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 2001இல் அந்த எண் 826 வரை இறங்கியிருந்தது. பெண் குழந்தைகளைக் காக்க, வளர்க்க விரும்பாத குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்னும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை இங்கே கொண்டுவர வேண்டிய நிலை. பெண்கள் குறைவான மாவட்டம் என்று பெயரெடுத்த இந்த மண்ணில், காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் நின்று பார்த்தால் வாசல் தெளிக்கும் பெண்கள்தான் தென்படுவார்கள். பலர் என்னைப் போல் கணவரை இழந்தவர்கள். குடும்ப ஓய்வூதியம் வருகிறது, மாத்திரைப் பெட்டி நிறைந்திருக்கிறது, கைப்பேசியில் பேரக்குழந்தை சிரிக்கிறது. தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 2011இல் 10.4 விழுக்காடு, எங்கள் தெருவை மட்டும் எண்ணினால் அந்த எண் எங்கே நிற்கும் என்று அனுமானிக்க நான் விரும்பவில்லை. பத்தாம் வகுப்பில் மக்கள்தொகைப் பட்டைக்கூம்பு வரையச் சொல்லித் தருவேன். அடியில் குழந்தைகள், உச்சியில் முதியவர்கள்; அடி அகன்று உச்சி குறுகியிருக்கும். எங்கள் தெருவின் கூம்பு தலைகீழாக நிற்கிறது.

பூட்டிய வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. காலி வீடு வேறு, பூட்டிய வீடு வேறு. ஆள் குடியிருந்து, வெளியே போயிருந்தால் அது பூட்டிய வீடு. கணக்கெடுப்பாளர் மறுபடியும் மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். யாரும் குடியிராதது காலி வீடு. 2011இல் நாடு முழுவதும் இருந்த ஏறத்தாழ 33 கோடிக் கணக்கெடுப்பு வீடுகளில் சுமார் இரண்டரைக் கோடி காலி. ஆனால் பொங்கலுக்கு மூன்று நாள் வந்து, வெள்ளையடித்து, விளக்கேற்றிவிட்டுப் போகும் வீட்டை எதில் சேர்ப்பது? எங்கள் எதிர்வரிசையில் அப்படி ஒன்று. கட்டில் இருக்கிறது, மின்சாரக் கட்டணம் தவறாமல் கட்டப்படுகிறது, வாசலில் செந்தூரா மாமரம் ஒன்று. மே மாதத்தில் அந்த மரத்துப் பழம் இரவில் 'தொப்' என்று விழும் ஓசை என் படுக்கையறை வரை கேட்கும். காலையில் பார்த்தால் காம்பவுண்டுக்குள் சிவந்த தோல் வெடித்துக் கிடக்கும், எறும்பு மொய்த்திருக்கும். கேட் பூட்டியிருப்பதால் எவரும் எடுக்க முடியாது. ஒரு தெருவில் இப்படி நான்கு வீடு இருந்தால் விளக்குக் கம்பம் எரிந்தாலும் தெரு இருட்டாகவே இருக்கிறது.

இந்த இருட்டைப் போக்க வழி இல்லாமலில்லை. 2008இல் தருமபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதனோடு செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், ஆய்வகப் பணியாளர்கள் வந்தார்கள். வங்கிகளுக்கு மாற்றலில் வருபவர்கள் எப்போதும் உண்டு. பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக நகரத்துக்கு வீடு மாற நினைக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு வீடு வேண்டும். எங்களிடம் வெளிப்படிக்கட்டோடு மாடிகள் காலியாக இருக்கின்றன. இரண்டும் சேராததற்குக் காரணம் வாடகை அல்ல. கேட்டைத் திறப்பதற்கு முன் கேட்கப்படும் ஒரு கேள்விதான்: "நீங்க என்ன ஆளுங்க?" அதற்குச் சரியான பதில் கிடைத்தாலும் அடுத்தடுத்து வரும்: கறி சமைப்பீர்களா, தனி ஆளா, இரவுப் பணி உண்டா, யாரெல்லாம் வந்துபோவார்கள். தரகர் சொல்லும் 'படிச்சவங்க இருக்கிற இடம்' என்பதன் உட்பொருள், இந்தக் கேள்விகள் நாசூக்காகக் கேட்கப்படும் இடம் என்பதே. வருபவருக்கும் அது தெரியும்.

அந்தக் கேள்வியின் இரு பக்கத்திலும் நான் நின்றிருக்கிறேன். 1986இல் வேலை கிடைத்துத் தருமபுரிக்கு வந்து வீடு தேடியபோது, ஒரு வீட்டம்மா காபி கொடுத்து, ஊர் கேட்டு, பள்ளி கேட்டு, பிறகு அதைக் கேட்டார். சொன்னேன். "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். சொல்லவில்லை. அந்தக் காபிக் குவளையைத் தனியாகக் கழுவி வைத்ததைத் திரும்பிப் பார்க்கும்போது கண்டேன். 2012இல் எங்கள் மாடியை வாடகைக்குக் கேட்டு மருத்துவமனைச் செவிலியர் இருவர் வந்தார்கள், இருவரும் திருமணமாகாதவர்கள். என் கணவர் சாதி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால், "ராத்திரி பகல்னு வந்துபோவாங்க, தெருவுல என்ன சொல்லுவாங்களோ" என்று அவர் சொன்னதற்கு நான் தலையாட்டினேன். "பையன் வரான், வீடு தேவைப்படுது" என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினோம். மகன் வரவில்லை. அந்த மாடி மேலும் எட்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. என் முதுகலைப் பட்டம் அன்று எனக்கு ஓர் அணு அளவும் உதவவில்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் உயர்ந்தபட்சக் கல்வி என்ற கட்டத்தில் அதைத்தான் எழுதினேன்.

இதை எழுதுவது யாரையும் பழிக்க அல்ல. என் தெருக்காரர்கள் ஒருவர் வீட்டில் சாவு என்றால் எல்லா வீட்டு அடுப்பையும் அணைத்துவிட்டு வந்து நிற்பவர்கள். என் கணவர் மறைந்தபோது பதினாறு நாளும் எனக்குச் சோறு அவர்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. இவ்வளவு நல்ல மனிதர்கள் ஒரு கேள்வியை விட்டுவிடக் கூடாதா என்ற ஆதங்கம்தான் எனக்கு. 1931க்குப் பிறகு முதன்முறையாக, 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் எல்லோரிடமும் சாதி கேட்கப் போகிறார்கள். யாருக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அறிய அரசு கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் பதில் சொல்வேன். கேட்டுக்கு உள்ளே விடலாமா என்று அறிய வீட்டுக்காரர் கேட்பதில் எந்த நியாயமும் இல்லை.

2020இல் மாடியைத் திறந்தேன். வந்தவர் அரசு மருத்துவமனையில் செவிலியர். பென்னாகரம் பக்கத்துப் பெண். தாயும் ஒரு மகளும் உடன். நான் எதையும் கேட்கவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் எந்தக் குழாயில் வரும் என்று மட்டும் காட்டினேன். அக்கம்பக்கத்தில் இரண்டு மாதம் பேச்சு இருந்தது. பிறகு பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இரவு பதினொரு மணிக்குச் சர்க்கரை இறங்கியபோது அந்தப் பெண்தான் படியிறங்கி ஓடினாள். அதை நான் ஒரு சாதனையாகச் சொல்லவில்லை. உதவி செய்தால்தான் வீடு கிடைக்கும் என்று ஆகிவிடக் கூடாது. அந்த அம்மாவின் மாடி இப்போதும் காலிதான்.

போன வாரம் இரவுப் பணி முடிந்து காலையில் வந்தவள், படியில் கால் வைத்தவாறே நின்றாள். பள்ளிக்குக் கிளம்பிய மகள் மேலிருந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தாள். நிலைப்படியில் பெயின்டுக்கு அடியில் என் பழைய எண் இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

"டீச்சர், மறுபடி கணக்கெடுக்க வரப்போறாங்களாமே. எங்க மூணு பேரையும் இங்க எழுதுவாங்களா, இல்ல ஊர்லயா?"

"இங்கதாம்மா எழுதுவாங்க" என்றேன்.